லிஃப்றுக்குள் ஒரு நன்றிநாள் விருந்து

1

மாலை நான்கு மணி நாற்பத்தைந்துக்கு லிஃப்ற் நின்றது. நேரம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கணத்தில் கைத்தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு முன் வீட்டுக்குள் போய், ரீவியைப் போட்டு, என் மகனை அதற்கு முன்னால் இருத்தவேண்டும். கால் மணித்தியாலம் இருக்கிறது, போதும் என்று நினைத்தேன். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் ஓர் உதறல். பிறகு அசைவில்லை. விளக்கு அணைந்தது. மேல் மூலையில் ஒரு சின்ன அவசர விளக்கு மங்கலாகப் பற்றிக்கொண்டது.

உள்ளே மூன்று பேர். நான். என் மகன் யூட், பதின்மூன்று வயது, என்னிலும் அரைச் சாண் உயரம். மூன்றாவது ஆள் எங்களுக்கு மேல் வீட்டு றீற்றா அக்கா.

றீற்றா அக்காவும் மன்னார்தான். கனடாவில் மொன்ட்ரியால்-நோரில் ஒரே கட்டடத்தில் இருக்கும் ஒரே ஊர்க்காரர் நாங்கள். ஆனால் ஒன்றரை வருடமாக முகம் பார்த்துக் கதைப்பதில்லை. அவ லிஃப்றடியில் நிற்பது தெரிந்தால் நான் தபால்பெட்டியைத் திறந்து வெறும் பெட்டிக்குள் எதையோ தேடுவேன். நான் நிற்பது தெரிந்தால் அவ திரும்பவும் வாசலுக்குப் போய் மழையா வெயிலா என்று பார்ப்பா. அன்று உறைமழை. நடைபாதை முழுக்கக் கண்ணாடிபோலப் பனிக்கட்டி. தலையை மூடிக்கொண்டு ஓடி வந்ததில் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கதவு மூடியபின்தான் பார்த்தோம்.

அவவிடம் ஒரு தள்ளுவண்டிலும், செபக்கூட்டத்துக்குச் செய்து கொண்டுபோய், அது நடக்காமல் திரும்பிவந்த ஒரு தட்டு கட்லற்றும் இருந்தன. என் கையில் ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய ஒரு பூசணிக்காய். யூட்டின் கையில் ரப்லெற். அதன் மின்கலக் குறி சிவப்பில் இருந்தது. அவனுக்கு லிஃப்ற் நின்றதே தெரியாது. திரையில் பீவர்க் குட்டி ஒன்று பனியில் நடந்துகொண்டிருந்தது.

இது நடந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. இன்னும் நான் படியில்தான் ஏறி இறங்குகிறேன்.

2

ஊரிலிருந்து தொலைபேசி எடுப்பவர்கள் சுகம் கேட்ட கையோடு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: யூட் தமிழ் கதைக்கிறானோ? இத்தனை நாளும் நான் "ஓம், கொஞ்சம் கொஞ்சம்" என்று சொல்லிச் சமாளித்தேன். இப்போது எழுதிவிடுகிறேன். யூட் தமிழ் கதைப்பதில்லை. பிரெஞ்சும் இல்லை. நாங்கள் கதைக்கிற ஆங்கிலமும் இல்லை. அவன் கதைப்பது ஒரு கார்ட்டூனை.

அவனுக்கு இரண்டரை வயதில்தான் ஓட்டிசம் என்று சொன்னார்கள். அதற்கே நீண்ட காலம் வரிசையில் காத்திருந்தோம். பார்த்த நிபுணர், இப்படியான பிள்ளைக்கு வீட்டில் இரண்டு மூன்று மொழி கூடாது, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இங்கே பள்ளிக்கூடம் பிரெஞ்சு. எங்களுக்கு அப்போது பிரெஞ்சில் "போன்ஜூர்", "மெர்ஸி"க்கு மேல் வராது. தமிழை வைத்தால் வெளியில் அவனுக்குத் துணையில்லை என்று பயந்தோம். கடைசியில் நானும் என் கணவர் அன்ரனும் ஆங்கிலம் என்று முடிவெடுத்தோம். நான் ஊரில் புவியியல் படித்துப் பட்டம் எடுத்தவள். வாசிக்கத் தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் பிள்ளையைக் கொஞ்சுவது எப்படி, ஏசுவது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. வா, இரு, சாப்பிடு, வேண்டாம் என்ற நாலு சொல்லோடு வீடு அமைதியாகிவிட்டது. பல வருடம் கழித்து வேறொரு நிபுணர், தாய்மொழியை நிறுத்தியிருக்கவே தேவையில்லையே என்று சாதாரணமாகச் சொன்னார். இரண்டு பேருமே அன்பான மனிதர்கள். இரண்டு பேருக்கும் நான் நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அந்த அமைதிக்குள்தான் கார்ட்டூன் வந்தது. எல்லைக்கு அப்பாலுள்ள அமெரிக்க நிலையங்கள் எங்கள் ரீவியிலும் தெரியும். கார்த்திகைக் கடைசியில் அவர்களுக்குத் தாங்ஸ்கிவிங் என்கிற நன்றிநாள். கனடாவில் அது ஐப்பசியிலேயே முடிந்துவிடும், அதையும் எங்கள் மாகாணத்தில் ஒரு லீவு நாள் என்பதற்கு மேல் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் அமெரிக்கக்காரர் அந்த வாரத்தில் தங்கள் சின்ன வயதில் பார்த்த பழைய கார்ட்டூன்களைத் தூசி தட்டி எடுத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டுவார்கள். கையால் வரைந்தவை. நிறம் வெளிறி, பாட்டு இரைச்சலோடு கேட்கும். மூன்று வயது யூட் அப்படி ஒன்றுக்கு முன்னால் போய் நின்றான். முடியும்வரை நின்றான்.

கதை இதுதான். ஒரு பீவர்க் குடும்பம் நன்றிநாள் விருந்துக்கு மேசை போடுகிறது. பீவர் என்றால் கனடாவின் ஐந்து சதக் காசில் இருக்கும் பிராணி, பல்லால் மரம் அரிந்து அணை கட்டும். மேசையைச் சுற்றி எல்லாரும் இருக்கக் கதிரை ஒன்று குறைகிறது. கடன் வாங்கி வரக் குட்டியை அனுப்புகிறார்கள். வாத்திடம் போனால், கதிரை இல்லை, ஆனால் நான் வருகிறேன் என்கிறது. அணில்கள் இரண்டு, முள்ளம்பன்றி, காது கேளாத ஆந்தை எல்லாரும் அதையே சொல்லிக் கூட வருகிறார்கள். குட்டி ஒரு கதிரை தேடிப்போய், ஐந்து கதிரைக்குப் புதுத்தேவையோடு திரும்பி வருகிறது. இருபத்தாறு நிமிடம்.

அடுத்த நாள் காலை யூட் சமையலறைக்கு வந்து, பீவர்க் குட்டியின் குரலில், அதே அமெரிக்க ஆங்கிலத்தில், "கதிரை ஒண்டு குறையுது, அம்மா" என்று முழு வசனமாகச் சொன்னான். அவன் வாயிலிருந்து வந்த முதல் "அம்மா" அதுதான். நாங்கள் அழுதோம். அன்ரன் மன்னாருக்கு அழைத்துச் சொன்னார்.

அன்றிலிருந்து பத்து வருடம். வசனங்கள் எல்லாம் ஆங்கிலம், இங்கே தமிழில் எழுதுகிறேன். அவனுக்குப் பசித்தால், ஏதாவது வேண்டுமென்றால், கதிரை ஒன்று குறைகிறது. கழிவறைக்குப் போகவேண்டுமென்றால் வாத்தின் வசனம்: "என்ர கால் ரெண்டும் விறைச்சுப் போச்சு." பயம் வந்தால் ஆந்தை: "ஆரது? கேக்கேல்லை, பலமாச் சொல்லு." மனம் சோர்ந்திருக்கிற நாளில் முள்ளம்பன்றி: "நான் தள்ளியே இருக்கிறன், எல்லாருக்கும் அதுதான் நல்லது." இந்த வசனத்தை அவன் பள்ளியிலிருந்து வந்து சொல்லும் நாட்களில் நான் ஒன்றும் கேட்பதில்லை.

தினமும் ரப்லெற்றில் பார்ப்பான். தொடங்கினால் முடியவேண்டும். இடையில் நின்றால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் தலையைச் சுவரில் அடிப்பான். அவன் நெற்றியில், மயிர் தொடங்கும் இடத்தில், தையல் போட்ட தழும்பு இருக்கிறது. வருடத்தில் ஒருநாள், அமெரிக்க நன்றிநாளன்று ஐந்து மணிக்கு, அது ரீவியிலேயே வரும். அது அவனுக்குப் பெருநாள். மேசையில் பூசணிக்காய் இருக்கவேண்டும். அதற்காகத்தான் மத்தியானமே பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனோம்.

பிள்ளை தமிழ் கதைக்கிறானோ என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். மற்றப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்குப் போகிறார்கள், பிரெஞ்சுக்குப் போகிறார்கள். அந்த ஊர்களுக்குத் தாய்தகப்பன் பின்னாலேயே போய்ச் சேரலாம். என்னுடையவன் போன ஊரில் எட்டுப் பேர்தான் குடியிருக்கிறார்கள். எட்டுப் பேரும் மிருகங்கள்.

3

அவசர மணியை அமத்தினேன். ஒலித்துளைக்குள் இருந்து ஒரு பெண்குரல் பிரெஞ்சில் வேகமாக வந்தது. மின்சாரம் இந்தப் பகுதி முழுக்கப் போய்விட்டது, இன்னும் பல கட்டடங்களில் ஆட்கள் லிஃப்றுக்குள் நிற்கிறார்கள், திருத்துபவர் வரிசைப்படி வருவார். காயம் யாருக்காவது இருக்கிறதா?

மின்சாரம் இல்லையென்றால் ரீவியும் இல்லை. அந்தக் கவலையைப் பிறகு பார்க்கலாம். என் மகன் ஓட்டிஸ்ற் என்றேன். அவருக்குக் காயமா என்று திரும்பவும் கேட்டாள். இல்லை. அப்படியானால் பொறுமையாக இருங்கள், மேடம்.

நான் சொல்ல நினைத்தது: இப்போது காயமில்லை, இந்த ரப்லெற் அணைந்தபிறகு அவன் தன் தலையைத் தானே உடைத்துக்கொள்வான், அதற்கு முன் யாராவது வரவேண்டும். இவ்வளவையும் பிரெஞ்சில் கட்ட என்னால் முடியவில்லை. எதிர்காலம் மட்டும் வரும். அதை வகுப்பில் வானிலையை வைத்துப் படிப்பித்திருந்தார்கள்: பிறகு மழை வரும், பிறகு பனி வரும். நானும் அந்த மாதிரியே சொன்னேன்.

"இப்போது இல்லை. பிறகு இரத்தம் வரும்."

மறுமுனையில் குரல் மாறியது. மெல்ல, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்: உங்களோடு யார் இருக்கிறார்கள்? யாராவது உங்களைப் பயமுறுத்துகிறார்களா?

நான் றீற்றா அக்காவைப் பார்த்தேன். இல்லை, அயல்வீட்டுக்காரி மட்டும்தான் என்றேன். உண்மையைச் சொல்லவேண்டும் என்ற பழக்கத்தில், "நாங்கள் இரண்டு பேரும் கதைப்பதில்லை" என்றும் சொல்லிவிட்டேன்.

பயப்படவேண்டாம், ஆட்களை உடனே அனுப்புகிறோம், பொலிசும் வரும் என்றாள். இல்லையில்லை என்று நான் சொல்லத் தொடங்க, இணைப்பு அறுந்துவிட்டது. திரும்ப அமத்தினால் காத்திருக்கச் சொல்லும் பாட்டுத்தான் வந்தது. கைத்தொலைபேசியில் சிக்னல் இல்லை.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு றீற்றா அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "என்னவாம்?"

"பொலிஸ் வருதாம்."

"லிஃப்ற் திருத்தவோ?"

பொலிஸ் என்றால் எனக்கு ஊர்ப் பயம் ஒன்று உண்டு, அது உங்களுக்கும் தெரியும். இங்கே அப்படியில்லை என்று மனத்துக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இது வேறு பயம். வளர்ந்த ஒரு பொடியன், முகத்தில் இரத்தத்தோடு, கையை உதறிக்கொண்டு, கத்திக்கொண்டு நிற்கிற நேரத்தில் கதவு திறக்கும். இரத்தம் வரும் என்று கேள்விப்பட்டு வந்த ஆட்கள் வெளியில் நிற்பார்கள். கையைத் தூக்கு என்பார்கள், இரு என்பார்கள். அவன் தூக்கமாட்டான், இருக்கமாட்டான். "ஆரது? கேக்கேல்லை, பலமாச் சொல்லு" என்று கத்துவான்.

கதவு திறக்கும்போது அவன் அமைதியாக இருக்கவேண்டும். எனக்கு அந்த நேரத்தில் உலகத்தில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

4

ரப்லெற் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதன் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, மின்கலக் குறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். றீற்றா அக்கா தன் செபமாலையை எடுத்தா. உருட்டத் தொடங்கியபின் நிறுத்தி, சத்தமாகச் சொன்னால் பிள்ளைக்குக் குழப்பமோ என்று என்னைக் கேட்டா. மனத்துக்குள் சொல்லுங்கோ என்றேன். இவ்வளவு கவனம் இவவிடம் எங்கிருந்து வந்தது என்றும் நினைத்தேன்.

எங்கள் பகைக்குக் காரணம் ஒரு ஞாயிறு. கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசை. பிரசங்கத்தின் நடுவில் யூட் எழும்பி நின்று, கோயில் முழுக்கக் கேட்க ஏதோ கத்தினான். முன்வரிசையிலிருந்த றீற்றா அக்கா திரும்பி, எல்லாருக்கும் கேட்கத்தான், "பிள்ளையை அடக்கத் தெரியாட்டி வீட்டில வைச்சிருக்கோணும்" என்றா. நாங்கள் எழும்பி வந்துவிட்டோம். அதற்குப் பிறகு இரண்டு பஸ் மாறிப்போய், எங்களைத் தெரியாத ஒரு பிரெஞ்சுக் கோயிலில் கடைசி வரிசை வாங்கில் இருக்கிறோம். அங்கே யூட் கத்தினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பூசை முடிந்து யாரும் கதைப்பதுமில்லை. பாஸ்கா நாடகத்துக்கு, நத்தார் ஒளிவிழாவுக்கு, ஒரு செத்தவீட்டுக்குக்கூட எங்களுக்குச் சொல்வாரில்லை. வேலை, வீடு, அந்த இருபத்தாறு நிமிடம். இப்படித்தான் எங்கள் வட்டம் சுருங்கி வந்தது. நின்றுபோன லிஃப்ற் எனக்குப் பெரிய புதுமையாகப் படவில்லை.

5

பீவர்க் குட்டி ஆந்தையின் மரத்தடிக்குப் போனபோது திரை கறுத்தது.

யூட் அதைத் தட்டினான். திருப்பிப் பார்த்தான். என் கையில் தந்தான். நான் ஒன்றும் செய்யாமல் நிற்க, "கதிரை ஒண்டு குறையுது" என்றான். திரும்பவும் சொன்னான், இன்னும் உரக்க. பிறகு நெற்றியைச் சுவரில் மெல்ல வைத்து எடுத்தான். அடிக்க முன் அளவு பார்ப்பது அது. எனக்குத் தெரியும்.

என் குளிர்ச்சட்டையைக் கழற்றி அவன் தலைக்கும் சுவருக்கும் நடுவில் பிடித்தேன். வேறு வழியில்லை. தொடக்க இசையை வாயால் பாடினேன்.

பத்து வருடமாக அந்தக் கார்ட்டூனைச் சமையலறையில் நின்று கேட்டவள் நான். ஒரு சொல் பிசகாமல் தெரியும். ஆனால் ஒருநாளும் அதை அவனோடு சேர்ந்து சொன்னதில்லை. ஊக்குவிக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அதோடு வெட்கம். இப்போது உலகத்தில் யார் பார்க்கக்கூடாது என்று நினைத்தேனோ, அவவுக்கு முன்னால் நின்று லா லா என்று பாடுகிறேன்.

"பிள்ளை, உனக்கு என்ன நடந்தது?"

"அக்கா, கொஞ்சநேரம் பேசாமல் இருங்கோ."

யூட்டின் தலை நின்றது. பாட்டு முடிய, அம்மா பீவரின் வசனத்தைச் சொன்னேன். அவன் குட்டியின் வசனத்தைச் சொன்னான். குரலைத் தடிப்பாக்கி அப்பா பீவரையும் சொன்னேன். சரி. குட்டி பனியில் புறப்பட்டது. வாத்தின் வீடு வந்தது. வாத்தின் வசனத்தை நான் சொல்ல, அவன் தலையை ஆட்டினான். திரும்பச் சொன்னேன். இல்லை. வீட்டுக்கு வெளியே உள்ளவர்களை நான் எந்தக் குரலில் சொன்னாலும் அவனுக்கு அது அம்மாதான்.

அவன் திரும்பி றீற்றா அக்காவின் சட்டைக் கையைப் பிடித்தான். வாத்தம்மாவிடம் கேட்பதை அவவிடம் கேட்டான்: உங்களிடம் ஒரு கதிரை இருக்கிறதா?

றீற்றா அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியே, என்னோட கதைக்கிறான். ஓம் ராசா, எங்கட வீட்டில நாலு கதிரை இருக்கு. நீ வந்து எடு."

வாத்திடம் கதிரை கிடையாது. யூட் தலையைப் பின்னுக்கு எடுத்து அடித்தான். என் கை சரியான நேரத்துக்குப் போகவில்லை. தகரச் சுவரில் விழுந்த சத்தம் லிஃப்ற் குழி முழுக்கக் கேட்டிருக்கும்.

"அக்கா, கதிரை இல்லை எண்டு சொல்லுங்கோ. கதிரை இல்லை, ஆனா நான் வாறன், என்ர கால் ரெண்டும் விறைச்சுப் போச்சு. இங்கிலீசில சொல்லுங்கோ. வாத்து மாதிரிச் சொல்லுங்கோ."

"என்ர இங்கிலீசு…"

"அக்கா."

அவ என் முகத்தைப் பார்த்தா. செபமாலையைக் கழுத்தில் போட்டா. கட்லற் தட்டை வண்டிலின் மேல் வைத்தா. நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்ததை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தா. பிறகு அவவிடமிருந்து ஒரு வாத்து வந்தது.

எனக்கு அது நினைவில் இருந்திருக்கவேண்டும். ஒவ்வொரு தவக்காலமும் எங்கள் பாஸ்கா நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று சனக்கூட்டத்தின் சத்தம் முழுவதையும் போடுவது றீற்றா அக்காதான். சிலுவையில் அறையும் என்று கத்துகிற பட்டாளமும் அவதான், அழுகிற யெருசலேம் பெண்களும் அவதான், பேதுருவுக்குக் கூவுகிற சேவலும் அவதான். மன்னார் ஆங்கிலத்தில் அந்த வாத்து பேசியது. ஆனால் அது றீற்றா அக்கா இல்லை, வாத்து.

அவவின் சட்டைக் கையிலிருந்து யூட்டின் கை தானாகக் கீழே இறங்கியது. அடுத்த வசனத்தைச் சொன்னான்.

6

அணில்கள் இரண்டும் சண்டை பிடிப்பவை. ஒன்றை மூக்கால், ஒன்றைத் தொண்டையால் பேசினா. நான் வசனத்தைக் காதுக்குள் சொல்ல, அவ அதைப் பெரிதாக்கி வெளியில் விட்டா. முள்ளம்பன்றியின் வசனத்தையும் அப்படியே சொன்னா. இடையில், யூட் தன் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, அவ என் பக்கம் சரிந்து ஊரிலே கேட்பதுபோலக் கேட்டா:

"ஏன் பிள்ளை இவ்வளவு பேரும் குளிருக்குள்ள அலையினம்? ஒரு பாயை விரிச்சா முடிஞ்சுதுதானே."

"முடிவு அதுதான் அக்கா. எல்லாரும் நிலத்தில இருப்பினம்."

"அதைத் துவக்கத்திலயே சொல்லியிருக்கலாம்."

ஆந்தை வந்தது. வசனத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அவ வாயைத் திறந்துவிட்டு மூடினா. யூட் காத்துக்கொண்டு நின்றான்.

"அண்டைக்குக் கோயிலில இவன் கத்தினது இதுதானோ?"

"ஓம்."

"ஆரது, கேக்கேல்லை, பலமாச் சொல்லு எண்டோ?"

"ஓம் அக்கா. பயம் வந்தா அதைத்தான் சொல்லுவான்."

"ஃபாதர் மெல்லத்தான் கதைக்கிறவர்" என்றா. அதோடு திரும்பி, கோயில் முழுக்கக் கேட்கிற ஆந்தையாக அந்த வசனத்தைச் சொன்னா. யூட் சிரித்தான். அவன் சிரிக்கிற சத்தம் உங்களில் யாருக்கும் தெரியாது. எனக்கே அடிக்கடி கிடைப்பதில்லை.

விருந்துக் காட்சிக்கு நாங்களும் நிலத்தில் இருந்தோம். பூசணிக்காயை நடுவில் வைத்தான். றீற்றா அக்கா கட்லற் தட்டைத் திறந்தா. இனி அம்மா பீவர், எல்லாரும் சாப்பிடுங்கள் என்று சொல்லவேண்டும். அதற்குள் றீற்றா அக்கா சிலுவை அடையாளம் போட்டு, சாப்பாட்டுச் செபத்தைத் தமிழில் தொடங்கிவிட்டா. அவவுக்கு முன்னால் சாப்பாடு இருந்து, செபம் சொல்லாமல் போன ஒருநேரம் அவ வாழ்க்கையில் இருந்திருக்காது. அது தானாக வந்தது.

இந்தக் கார்ட்டூனில் யாரும் ஒருநாளும் ஒரு சொல்லைக் கூட்டியதில்லை. பத்து வருடத்தில் நான் ஒருமுறை தும்மியதற்கு முதலிலிருந்து தொடங்கியிருக்கிறோம். குளிர்ச்சட்டையை எடுத்துக்கொண்டு அவன் தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனேன்.

யூட் றீற்றா அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ முடித்து ஆமென் சொல்லும்வரை பார்த்தான். பிறகு கையைத் தூக்கி, கண்ணாடிக்குள் பார்த்துச் செய்வதுபோல, இடம் வலம் மாறி, சிலுவை போட்டான். என்னைப் பார்த்தான். என் வசனத்துக்காகக் காத்திருக்கிறான் என்று எனக்கு விளங்கக் கொஞ்சநேரம் எடுத்தது.

"எல்லாரும் சாப்பிடுங்கோ" என்றேன். தமிழில் வந்துவிட்டது. அதற்கும் அவன் ஒன்றும் செய்யவில்லை. ஒரு கட்லற்றை எடுத்து மணந்து பார்த்து, றீற்றா அக்காவின் மடியில் வைத்தான். அவன் அப்படியானதுகள் சாப்பிடமாட்டான். அவ அதைச் சாப்பிட்டா.

முடிந்தது. கதவு திறக்கவில்லை.

கீழே எங்கோ கதவுகள் அடிபட்டன. சப்பாத்துக் கால்கள் படியில் ஏறின. எங்கள் காதுக்கு மேலே இரும்பு உரசியது. யூட் காதைப் பொத்தி, "ஆரது?" என்றான். இந்தமுறை அது விளையாட்டு ஆந்தை இல்லை. நான் அன்ரனை நினைத்தேன், வேலையில் நிற்கிற மனுசனுக்கு ஒன்றும் தெரியாது. செபம் ஒன்றும் எனக்கு வரவில்லை.

"முதலில இருந்து" என்றா றீற்றா அக்கா. "நீ பாட்டைப் பாடு."

பாடினேன். இந்தமுறை அவவும் பாடினா, ஒரு மெட்டுத் தெரியாவிட்டாலும் பாடலாம் என்கிற துணிவில். யூட் ஒரு காதை விட்டான். மேலேயிருந்து யாரோ பொலிஸ் என்று கூப்பிட்டார்கள், பதில் சொல்லச் சொன்னார்கள். நான் பதில் சொல்லப் பாட்டை நிறுத்தினேன். யூட்டின் கை திரும்பக் காதுக்குப் போனது. அவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. அம்மா பீவரைச் சொன்னேன். வாத்து வந்தது. அணில்கள் முன்னையிலும் மோசமாகச் சண்டை பிடித்தன, றீற்றா அக்காவுக்கு இப்போது வசனம் பழகிவிட்டது. இரும்பு நெம்புகிற சத்தத்துக்கு மேலாக ஆந்தை கத்தியது. மேலே ஒருவர் இன்னொருவருக்கு ஏதோ அவசரமாகச் சொன்னார். செபம் வருகிற இடத்தில் யூட்டே நிறுத்தி, றீற்றா அக்காவின் முழங்கையைத் தொட்டான். அவ செபத்தைத் தொடங்கினா. சிலுவை போட நாங்கள் மூன்று பேரும் நெற்றியில் கை வைத்திருந்தோம்.

7

கதவு எங்கள் தலைக்கு மேலே முழ உயரத்துக்குத் திறந்தது. குளிர்காற்று முதலில் வந்தது, பிறகு ஒரு கைவிளக்கின் வெளிச்சம். நான் யூட்டுக்கு முன்னால் என் உடம்பைக் கொண்டுபோனேன். பிரெஞ்சில் எனக்குத் தெரிந்த ஒரு சொல்லும் வாயில் இல்லை. யூட் வெளிச்சத்தைப் பார்த்தான். அசையவில்லை. அவன் நெற்றி சிவந்து வீங்கியிருந்தது, ஆனால் இரத்தமில்லை.

நான்காம் மாடி நிலத்தில் வயிறு படக் கிடந்து, ஓர் இளம் பொலிஸ்காரி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பியில் பனி. பின்னால் இரண்டு தீயணைப்புக்காரர்களின் கால்கள். அவள் மற்றக் கை எங்கே இருந்தது என்று நான் பார்த்தேன். அது துப்பாக்கியில் இல்லை, கதவு விளிம்பில்தான் இருந்தது. விளக்கு என் முகத்தில் பட்டது, றீற்றா அக்காவின் கட்லற் ஒட்டிய வாயில் பட்டது, யூட்டில் நின்றது, பூசணிக்காயில் நின்றது. பிறகு நான்கு மூலைக்கும் போனது. வண்டிலுக்குப் பின்னால் போனது. ஒருமுறை கூரைக்கும் போனது.

அவள் மெல்லிய குரலில்தான் கேட்டாள், எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக:

"மேடம், மூன்று பேர் என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். படியில் ஏறி வரும்போது ஏழெட்டுப் பேர் கதைத்தது எங்களுக்குக் கேட்டது. மற்றவர்கள் எங்கே?"